கிரைண்டர் ஓடும் நேரம்

ஆகஸ்ட் 20, புதன்

இந்த டைரி ஜனவரியில் பட்டறை முதலாளி இவருக்குக் கொடுத்தது. எட்டு மாதமாக பீரோமேல் சும்மா கிடந்தது. முதல் பக்கத்திலேயே விவரமெல்லாம் கேட்கிறார்கள். கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதானே.

பெயர்: சுபாஷினி. வயது: இருபத்தெட்டு. கணவர் பெயர்: பூபதி, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். முகவரி: ஜெயமணி அக்கா வீட்டுக் கீழ்ப் போர்ஷன், கணபதி, கோயம்புத்தூர். ரத்த வகை: பி பாசிட்டிவ். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போன வருஷம் வரை ஒரு மில் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அந்தத் தடவை குழந்தை தங்காமல் போனதற்கு பஸ் குலுக்கல்தான் காரணம் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது நாலாம் மாதம். வீட்டு முன்னறையில் மாவுக்கடை போடுகிறோம். மாசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

கிரைண்டர் இன்று வந்தது. மூடிப்போன ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் இவர் பேசி வாங்கியது. அது உட்காரும் இரும்பு மேஜையும் கூடவே வந்தது. நாலு பேர் தூக்கி வைத்தார்கள். சுவிட்ச் போட்டால் முழு மேஜையும் நடுங்குகிறது. உள்ளே ஓடும் கல் ஒரு பக்கம் நொண்டுகிறது. கர்ரென்று ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு 'தொப்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'தொப்'.

"கல்லு மாட்டற புஷ் தேஞ்சிருக்குது. ஒரு ஞாயித்துக்கெழமை பாத்து மாத்திப் போடுறேன்" என்றார் இவர். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. சத்தம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கடை திறந்தாயிற்று. போன மாதமே திறந்திருக்கலாம். "ஆடி கழியட்டும் அம்மணி. அதுக்குள்ள ஆரும் மாவில்லாம செத்துப் போயிர மாட்டாங்க" என்று அத்தை பிடித்து வைத்திருந்தார்.

காலையில் ஊறப்போட்டு, ஒரு மணியில் இருந்து நாலு மணி வரை அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்துக் கவரில் கட்டி வைத்தேன். சாயங்காலம் ஏழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முதல் கவர் ஜெயமணி அக்காவுக்கு. வீட்டுச் சொந்தக்காரர் ஆயிற்றே.

"புள்ளத்தாச்சி கையில கரைச்ச மாவு. பொங்காம எங்க போகும்?" என்றார்.

பொங்காவிட்டால் என்ன சொல்வார்கள்?

தொழில்: மாவுக்கடை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா வீட்டு மாவு பொங்கிப் பாத்திரம் தாண்டி வழிந்ததாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்று பதினாறு பேர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு இரண்டரை மணிக்கு.

உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜையை ஒட்டி உட்கார்ந்து, வயிறு விளிம்பில் படப்பட டைரி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு தட்டு. விரலால் சுண்டின மாதிரி. பேனாவை வைத்துவிட்டு மூச்சுப் பிடித்துக் காத்திருந்தேன். மறுபடி ஒன்று. உளுந்துக்குத் தண்ணீர் தெளிக்க மறந்து கல் இறுகிப்போய் நின்றுவிட்டது. அத்தை சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

"அத்தை, அசையுது" என்றேன்.

அவர் நின்றுபோன கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றார். நானும் அழுதேன். வெட்கமாக இல்லை.

மேஜை ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது. என் கையெழுத்து ஏற்கெனவே கோழி கிண்டினதுதான். இனி எனக்கே புரியாது.

செப்டம்பர் 25, வியாழன்

அந்தத் தடவை இருபத்தி இரண்டு வாரத்தோடு சரி. இன்று இருபத்தி இரண்டு. கிரைண்டரை வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக ஓட்டினேன். மாவு மிஞ்சிவிட்டது. பரவாயில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

உள்ளே தட்டல் இருக்கிறது. எட்டுத் தடவை.

அக்டோபர் 8, புதன்

மூன்று நாளாக மழை. வெயில் எட்டிப் பார்க்கவில்லை. நேற்றுக் கொடுத்த மாவு எந்த வீட்டிலும் பொங்கவில்லை. மூன்று பேர் வந்து சொன்னார்கள். நாலாவது வந்த ரேஷன் கடைத் தெரு அம்மா மாவைப் பற்றிப் பேசாமல் என் வயிற்றையே பார்த்து, "ஒடம்பு சௌரியந்தானுங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கை ராசி என்று புகழ்ந்தவர்களுக்கு இப்படிக் கேட்கவும் உரிமை இருக்கிறது போலிருக்கிறது.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கிரைண்டரைப் போட்டேன். அரிசி இன்னும் ஊறவில்லை. அரைக் கிண்ணம் உளுந்தைப் போட்டு ஓட்டினேன். மேஜையை ஒட்டி உட்கார்ந்தேன். தட்டல் வந்தது. ஐந்து, ஆறு. அப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

மழைக்காலத்தில் மாவை அடுப்புப் பக்கத்தில் மூடி வைக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். வெந்தயம் கொஞ்சம் கூட்டணும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மாவு நம்முடையது. இடுப்பு ஒடிந்துவிட்டது. குழந்தையும் இன்று சளைக்காமல் தட்டியது. படுத்தால்தான் அவ்வளவாகத் தெரிவதில்லை. என்னை மாதிரியே, வேலை நேரத்தில்தான் சுறுசுறுப்பு.

நவம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரி. எடை கூடியிருக்கிறது, ரத்தம் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் சரி. எஸ்தர் என்று ஒரு நர்ஸ். நெடுநெடுவென்று இருக்கிறார், பேச்சு தாலாட்டு மாதிரி, கண் மட்டும் ஆளை எடை போடுகிறது. கையில் ஒரு அட்டை கொடுத்தார்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு இடது பக்கமா சாஞ்சு படுத்துக்கங்க. டிவி வேண்டாம், போன் வேண்டாம். வயித்துல கைய வச்சு அசைவ எண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து வரணும். வந்தா பத்துன்னு எழுதுங்க. வரலையா, எந்த நேரமா இருந்தாலும் இங்க வந்துரணும். போன் பண்ணிக் கேக்கறதெல்லாம் வேண்டாம். நேரா வந்துருங்க."

"எனக்கு நல்லாவே தெரியுதுங்கக்கா" என்றேன்.

"சந்தோஷம். ஆனாலும் எண்ணுங்க."

படுப்பதாம், இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் அரிசியை யார் அரைப்பது? வீட்டுக்கு வந்து மேஜை பக்கத்தில் உட்கார்ந்தே எண்ணினேன். கால் மணியில் பத்து. கெட்டிக்காரக் குழந்தை. அட்டையில் எழுதிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வளைகாப்பு. உடுமலையிலிருந்து அம்மா கட்டுச்சோறு கொண்டு வந்தார். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர், இனிப்பு என்று தூக்குப் போசி தூக்குப் போசியாக. இரண்டு கையிலும் முழங்கை கிட்ட வரை கண்ணாடி வளையல். கையை அசைத்தால் கடைத்தெரு மாதிரி சத்தம். குழந்தைக்குக் கேட்குமாம்.

முறைப்படி அம்மா என்னை இன்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். பையெல்லாம் கட்டித் தயாராக வந்திருந்தார். நான் வரமாட்டேன் என்றேன். கூடம் முழுக்க ஆள். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"கடை என்ன ஆகறதுமா? நாளைக்கே வேற எடத்துல வாங்கப் பழகிருவாங்க."

"வாங்கட்டும். மூணு மாசம் கழிச்சு வந்து மறுபடி போட்டுக்க."

"முடியாதும்மா."

அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எத்தன நாளைக்கு அந்தச் சத்தத்துக்குள்ளயே உக்காந்திருப்ப கண்ணு?"

வளையல் மட்டும் சலசலத்தது. நல்லவேளையாக அத்தை உள்ளே வந்து, "சம்பந்தி, பச்சத் தண்ணிகூட அவளத் தூக்க விடமாட்டேன், நானாச்சு" என்று சத்தியம் செய்தார். அம்மா கட்டிய பையை அவிழ்க்காமலே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

உப்புக் கரைக்கும்போது ஒரு வளையல் உடைந்து மாவுக்குள் போய்விட்டது. இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவது துண்டு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முழு அண்டாவையும் சாக்கடையில் கொட்டினேன். அத்தை 'ஐயோ ஐயோ' என்று பின்னாலேயே வந்தார். வேறு யார் வயிற்றிலாவது கண்ணாடி போனால்?

வளையலைக் கழற்றக் கூடாது, குழந்தை பிறந்த பிறகுதான். இரண்டு கைக்கும் கைக்குட்டையை இறுக்கிச் சுற்றிக் கட்டி, வளையலையெல்லாம் முழங்கைக்கு ஏற்றிவிட்டேன். சத்தம் நின்றது.

எண்ணிக்கை: பத்து.

நவம்பர் 24, திங்கள்

ஜெயமணி அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு, கையில் ஒரு டம்ளர்.

"சுபா, தப்பா நெனச்சுக்காத. நீ அரைக்கறப்ப எங்கூட்டு அலமாரியில டம்ளரெல்லாம் நடக்குது. இது இன்னிக்கு நடந்து வந்து கீழயே விழுந்துருச்சு பாரு, நசுங்கி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீடு அவருடையது. இவரிடம் சொன்னேன். "இந்த ஞாயித்துக்கெழம செஞ்சுர்றேன்" என்றார். மூன்று மாதமாகச் சொல்கிற அதே ஞாயிற்றுக்கிழமை.

எண்ணிக்கை: பத்து. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

செய்தேவிட்டார்! காலை எட்டு மணிக்குக் கிரைண்டரைப் பிரித்துப் போட்டார். புஷ் புதுசு. கல்லைச் சரியாக உட்கார வைத்தார். பட்டறையில் கம்ப்ரசருக்கு அடியில் போடுகிற தடித்த கறுப்பு ரப்பரை வெட்டி வந்து, கிரைண்டருக்கு அடியில் ஒரு அடுக்கு, மேஜையின் நாலு காலுக்கும் ஒவ்வொன்று. முகமெல்லாம் கிரீஸ்.

"இங்க பாரு" என்று கூப்பிட்டார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, அரிசி போட்டு ஓட்டினார். தண்ணீரில் ஒரு வட்டம்கூட எழும்பவில்லை. சின்னப் பையன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைதட்டினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமல்லோ" என்றார். அவர் புகழ்வதே அப்படித்தான்.

இன்று கடை இல்லை. எண்ணவில்லை. படுத்துத் தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

என்ன அழகாக எழுத்து வருகிறது! முத்து முத்தாக. மேஜை ஆடவே இல்லை.

குழந்தை இன்று சோம்பேறி. உளுந்து முடிந்தது, ஒன்றும் இல்லை. அரிசி ஒரு முறை முடிந்தது, ஒன்று வந்த மாதிரி இருந்தது, அது வாயுவாகவும் இருக்கலாம். நேற்று நான் நன்றாகத் தூங்கியதால் அதுவும் தூங்குகிறது. இரண்டாவது முறை போட்டேன். வெல்லம் ஒரு கட்டி சாப்பிட்டேன். கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

அட்டையை நிரப்பிவிட்டேன். கட்டம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

டிசம்பர் 2, செவ்வாய்

பன்னிரண்டே முக்கால். குளிர்ந்த தண்ணீர் இரண்டு டம்ளர். ஒன்றும் இல்லை.

ஒன்றரை. உளுந்து ஓடுகிறது. மேஜையை ஒட்டி, எப்போதும் உட்காருகிற இடம்தான். வயிறு விளிம்பில்தான் இருக்கிறது. ஒன்றும் இல்லை.

இரண்டு மணி. பூஜை அறைக்குப் போகிற வழியில் அத்தை கேட்டார், "ஏனம்மணி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்குது?" வெயில் என்றேன். வெளியே மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது.

இரண்டேகால். தண்ணீர் டம்ளரை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் நொண்டவில்லை, மேஜை ஆடவில்லை, டம்ளர் ஆடவில்லை, எழுத்து ஆடவில்லை, என் வயிற்றிலும்

நான் எதை எண்ணினேன்? மூன்று மாதமாக எதை எண்ணினேன்?

இரண்டு இருபது. இதை எங்கேயாவது எழுதிவிட வேண்டும். அந்தத் தடவை வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். வெள்ளி காலையிலிருந்து உள்ளே ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமையும் ஆபீஸ் போனேன், இரண்டு பஸ் மாறி. ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். பஸ் குலுக்கல் என்று அத்தை சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பழி பஸ்மேல் போயிற்று.

வெளியே யாரோ "மாவு ஆச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். அரிசி பாதியில் இருக்கிறது.

இன்று சொல்லிவிடப் போகிறேன்.

டிசம்பர் 4, வியாழன். ஆஸ்பத்திரி

செவ்வாய்க்கிழமையே அத்தையிடம் ஒரே வரியில் சொன்னேன். "அத்தை, ரெண்டு நாளா அசையல." அவர் வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "மாவு இல்ல, ஒண்ணும் இல்ல, போங்க, ஆராச்சும் ஆட்டோ புடிங்க" என்று கத்தினார். ஜெயமணி அக்கா மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்து கூடவே ஏறிக்கொண்டார். ஆட்டோ குலுங்கியது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எது ஆட்டோ எது குழந்தை என்று தெரியாமல் அழுதேன்.

எஸ்தர் நர்ஸ்தான் இருந்தார். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் படுக்க வைத்து வயிற்றில் பெல்ட் கட்டினார். பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம், தையல் மெஷின் வேகமாக ஓடுகிற மாதிரி.

"கேக்குதுங்களா? ஹார்ட் பீட்."

நான் நம்பவில்லை. மறுபடி ஒரு மெஷின். மறுபடி ஒரு சத்தம்.

"அது மெஷின் சத்தமா இருக்கும். அத நிறுத்துங்கக்கா. நிறுத்திட்டுக் கேட்டுச் சொல்லுங்க."

"மெஷின நிறுத்துனா எனக்கு எப்படிங்க கேக்கும்?"

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தர் நர்ஸ் பெட்டியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை எனக்குத் தெரியும். போன வருஷம் இதே மாதிரி ஒரு கட்டிலில் கேட்டிருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இதென்ன கையில, கட்டுப் போட்டிருக்கீங்க? அடி பட்டுச்சா?"

"வளையல்."

அவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். இரண்டு வாரமாக முழங்கையில் நெருக்கிக்கிடந்த வளையலெல்லாம் மணிக்கட்டுக்கு இறங்கியது. என் கையைப் பிடித்து வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நல்லா வேகமா ஆட்டுங்க."

ஆட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஆட்டினேன். அத்தை வேண்டிக்கொள்வது கேட்டது. மூன்றாவது தடவை கை உதறிப்போகும் அளவுக்கு ஆட்டினேன்.

வயிறு ஒரு பக்கமாக எழும்பியது. நான் உணர்வதற்கு முன்னால் என் கண் பார்த்தது. இடது விலாவுக்குக் கீழே ஒரு மேடு, மெதுவாக உருண்டு, அடங்கியது. 'தொப்' இல்லை. சுண்டல் இல்லை. போர்வைக்குள் ஒரு ஆள் புரண்டு படுப்பது மாதிரி. இதை நான் இதுவரைக்கும் உணர்ந்ததே இல்லை. அல்லது, உணர்ந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இதுங்களா?" என்று கேட்டேன். "இதுதானுங்களா அசைவு?"

"இதேதான்" என்றார் எஸ்தர் நர்ஸ்.

சாயங்காலம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கமாக இருக்கிறதாம். நடுவில் மெத்தை போட்ட மாதிரி, அதனால் அசைவு வெளியே அவ்வளவாகத் தெரியாது. குழந்தையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆறு நாள் இங்கே. அப்புறம் வீட்டில் படுக்கை, வாரத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்" என்றார்.

எஸ்தர் நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். இருபத்தைந்து நாளும் பத்து, பத்து, பத்து. ஒரு நாள் விடாமல், எண்ணாத ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கிரைண்டர், மேஜை, ரப்பர், திங்கட்கிழமை நான் நிரப்பிய கட்டம். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பழைய அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புது அட்டை ஒன்றை எடுத்து என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 5, வெள்ளி. ஆஸ்பத்திரி

இவர் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகக் கொடுக்கிறார். அவரே பேசட்டும் என்று இருந்தேன்.

"நான் அந்த ரப்பர வெக்காம இருந்திருந்தா நீ இப்படிப் பயந்திருக்க மாட்ட" என்றார்.

"நீங்க வெக்காம இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் பத்துன்னே எழுதிட்டு இருந்திருப்பேன் மாமா."

அவர் உரிப்பதை நிறுத்தினார். அப்போதே வெள்ளி, சனி, ஞாயிறையும் சொன்னேன். எழுதியதைவிடச் சொல்வது கஷ்டமாக இருந்தது. சொல்லி முடிக்கும்வரை அவர் ஆரஞ்சுத் தோலையே சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு நாளும் நான் டபுள் ஷிப்டு" என்றார் கடைசியில். "வூட்டுக்கு வந்ததும் தூங்குனேன், எந்திரிச்சதும் போனேன். நீ சொல்லோணும்னு நெனச்சிருந்தாலும் ஆருகிட்ட சொல்லியிருப்ப?"

இதை இவர் ஒரு வருஷமாக வைத்திருந்திருக்கிறார். நானும் ஒரு வருஷமாக. ஒரே வீட்டில், ஒரே பாயில்.

சாயங்காலம் அம்மா உடுமலையிலிருந்து வந்தார். அன்றைக்கு அவிழ்க்காத அதே பை. "கூட்டிட்டுப் போக வர்ல. உங்கூட இருக்கறதுக்கு வந்திருக்கேன்" என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. நான் இல்லாத நாளெல்லாம் அத்தை தனியாக அரைத்துக் கடையை நடத்தியிருக்கிறார். மாவு எல்லார் வீட்டிலும் பிரமாதமாகப் பொங்கியதாம். என் கை ராசியின் மதிப்பு இவ்வளவுதான் என்று தெரிந்துபோயிற்று. அத்தை அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த பெருமையை மறைக்கக்கூட இல்லை.

இனி அரைப்பது அத்தை, கரைப்பது அம்மா. சம்பந்திகள் இருவரும் உப்பு விஷயத்தில் இப்போதே முறைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்த வேலை, படுத்துக்கொண்டே யார் யாருக்கு எத்தனை கவர் என்று சொல்வது. நான் போட்ட கடை எனக்காக நின்றுகொண்டிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. நிம்மதியாகவும் இருக்கிறது.

டிசம்பர் 11, வியாழன்

வாசலில் இவர் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்: 'மதியம் 2 முதல் 4 வரை கிரைண்டர் ஓடாது. கதவைத் தட்ட வேண்டாம்.' அதற்குப் பிறகும் ஒருவர் தட்டினார். அத்தை ஜன்னல் வழியாக அவரிடம் பேசிய விதத்தைப் பார்த்தால் இனி அந்தத் தெருவிலிருந்தே யாரும் வரமாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்திருக்கிறேன். வீடு முழுக்க அமைதி. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. ஜெயமணி அக்கா மாடியில் மெதுவாக நடப்பது கேட்கிறது, எனக்காக விரலை ஊன்றி நடக்கிறார் போலிருக்கிறது. இந்த அமைதிக்குப் பயந்துதான் கடையே போட்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. எழுந்து ஓடிப்போய் சுவிட்ச் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

முதல் கால் மணி ஒன்றும் இல்லை. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வளையலை ஆட்டவில்லை. தானாக வரட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு இருபத்தி மூன்றுக்கு ஒன்று. விலாவுக்குக் கீழே, மெதுவாக.

இரண்டு முப்பத்தி ஒன்றுக்கு இரண்டாவது. அடுத்தடுத்து மூன்று, நாலு. அப்புறம் ரொம்ப நேரம் இல்லை. மூன்றேகாலுக்கு ஐந்து. அப்புறம் ஆறு, ஏழு. எட்டு, நிஜமான உதை. ஒன்பது.

டைரியை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுத்து ஆடுகிறது. கிரைண்டர் ஓடவில்லை.